விளக்கேந்திய அம்மையாரின் கணக்கேடு

கையில் விளக்கேந்தி, நள்ளிரவில் நோயாளிகளின் படுக்கைகளுக்கிடையே மெல்ல நடந்து செல்லும் பெண்மணியின் படத்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பாட நூலிலும், மருத்துவமனைச் சுவர்களிலும், ஆண்டுதோறும் மே மாதம் 12-ஆம் நாள் கொண்டாடப்படும் உலகச் செவிலியர் தினத்தின்போதும் அவ்வுருவம் நம் கண்முன் வந்து நிற்கிறது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றவுடன் அன்பு, இரக்கம், தியாகம் என்னும் சொற்களே நம் நாவில் எழுகின்றன. அவை யாவும் அவருக்குப் பொருந்துவனவே.

ஆயினும் அந்த விளக்கு அவர் கையில் இருந்தது இரண்டாண்டுகளுக்கும் குறைந்த காலமே. அதன்பின் அவர் வாழ்ந்த 54 ஆண்டுகளில் அவர் கையில் இருந்தது பேனா. அவர்முன் விரிந்து கிடந்தது கணக்கேடு. ஆட்சியில் இருப்போர் ஒரு சட்டத்தையோ திட்டத்தையோ வகுக்குமுன் உண்மை நிலவரத்தை எண்ணிப் பார்த்தறிய வேண்டும். திட்டம் நடந்தபின் அதனால் விளைந்த பயனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த எளிய கோரிக்கைக்காகவே அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். நாம் அதிகம் அறியாத அந்த நைட்டிங்கேல் அம்மையாரையே இக்கட்டுரையில் காண விழைகிறோம்.

இளமையும் இறை அழைப்பும்

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில், அங்கே தங்கியிருந்த செல்வச் செழிப்பு மிக்க ஆங்கிலப் பெற்றோருக்கு இரண்டாவது மகளாகப் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே அவருக்குச் சூட்டினர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. கல்வியில் சிறந்த தந்தை வில்லியம் நைட்டிங்கேல், தம் புதல்வியர் இருவருக்கும் தாமே ஆசிரியராக அமர்ந்து இலத்தீன், கிரேக்கம், வரலாறு முதலியவற்றைக் கற்பித்தார். இளைய மகளுக்கோ கணிதத்தின் மீது தணியாத ஆவல். மணமாகிச் செல்லவேண்டிய பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று தாய் தயங்கினார். மகள் விடவில்லை, கேட்டுக் கேட்டு அதையும் கற்றார்.

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், தமது பதினாறாம் வயதில், இறைவன் தம்மைப் பணிக்கு அழைப்பதாக உள்ளத்தில் உணர்ந்தார். அப்பணி நோயுற்றோருக்குச் செய்யும் சேவை என்று பின்னர்த் தெளிந்தபோது வீட்டில் புயல் எழுந்தது. அந்நாளில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை இங்கிலாந்தில் இழிவாகக் கருதப்பட்டது. பல ஆண்டுகள் பெற்றோரின் மறுப்போடு போராடிய பின்னரே, 1851-இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதப் பயிற்சி பெற்றார். பாரிஸ் நகரில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் நோயாளிகளைப் பேணும் முறையையும் நேரில் கண்டார். 1853-இல் இலண்டனில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் பொறுப்பாளரானார். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவராயினும், கன்னியரின் ஒழுங்கு நிறைந்த சேவை அவரைப் பெரிதும் கவர்ந்தது.

ஸ்குட்டாரிக்குப் பயணம்

1854-இல் பிரிட்டன், பிரான்சுடனும் துருக்கியுடனும் சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகக் கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரின்றி மடிவதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன, நாடே கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பெர்ட் அம்மையாரின் நண்பர். அவருடைய வேண்டுகோளின்படி 38 பெண்களை அழைத்துக்கொண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அம்மையார் புறப்பட்டார். அந்த 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதை நாம் மகிழ்வோடு நினைவுகூரலாம். அவர்களுள் பெர்மாண்ட்சி மடத்துத் தலைவி அன்னை மேரி கிளேர் மூர் அம்மையாரின் வலக்கரமாக விளங்கினார். அத்தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அன்னையே தகுதியுடையவர் என்று அம்மையார் பிற்காலத்தில் மனமார எழுதினார். 1874-இல் அன்னை இறக்கும்வரை அந்நட்பு குன்றவில்லை.

நவம்பர் 4-ஆம் நாள் அவர்கள் ஸ்குட்டாரியை அடைந்தனர். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி அது. அங்கே ஒரு பெரிய படைவீடே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. படுக்கைகள் போதவில்லை, துணிகள் இல்லை, வீரர்கள் தாழ்வாரங்களில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தனர். அம்மையார் சமையலறை அமைத்தார்; சலவைக்கு ஏற்பாடு செய்தார்; இரவில் விளக்கோடு சுற்றி வந்தார். நாம் அறிந்த படம் அங்கேதான் பிறந்தது.

அங்கே அவர் கண்ட மற்றொரு குறை படத்தில் இடம் பெறவில்லை. இறந்தவர் எத்தனை பேர் என்பதே அங்கு எவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை! ஒரு பதிவேடு ஓர் எண்ணைச் சொன்னது. மற்றொன்று வேறோர் எண்ணைச் சொன்னது. எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே அடக்கம் செய்யப்பட்டவர்களும் உண்டு. ஒரு தாயின் மகன் உலகை விட்டுப் போகிறான். அவன் போனதை ஒரு கோடு போட்டுக் குறிக்கவும் ஆளில்லை. இந்த அலட்சியம் அம்மையாரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

கணக்கு சொன்ன கசப்பான உண்மை

அத்தனை சேவைக்குப் பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடிக்கொண்டே போயிற்று. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களுள் 100-க்கு 42 பேர் என்ற விகிதத்தில் இறந்தனர். மார்ச் மாதம் பிரிட்டிஷ் அரசு சுகாதாரக் குழு ஒன்றை அனுப்பியது. டாக்டர் ஜான் சதர்லாந்து, பொறியாளர் ராபர்ட் ராலின்சன் முதலியோர் அதில் இருந்தனர். அவர்கள் கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைக் கழுவி விட்டனர். குவிந்திருந்த குப்பையை வண்டி வண்டியாக அகற்றினர். குடிநீர் வரும் வழியைச் சுத்தம் செய்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். ஜூன் மாதத்திற்குள் அந்த 42 என்ற விகிதம் ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது.

1856 ஆகஸ்டில் அம்மையார் தாயகம் திரும்பியபோது நாடே அவரைத் தெய்வமகளாகப் போற்றியது. அவரோ பாராட்டுக் கூட்டங்களைத் தவிர்த்து, வேறு பெயரில் பயணம் செய்து, ஓசையின்றி வீடு சேர்ந்தார். இறந்த வீரர்களின் நினைவு அவரை உறங்கவிடவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவர வல்லுநராயிருந்த டாக்டர் வில்லியம் ஃபார் என்பவருடன் சேர்ந்து, போர்க்காலக் கணக்குகளை வரி வரியாக ஆராயத் தொடங்கினார்.

வீரர்கள் பட்டினியாலும் குளிராலும் நலிந்து, மிகத் தாமதமாக மருத்துவமனைக்கு வந்ததாலேயே இறந்தனர் என்றே அவர் முதலில் நம்பியிருந்தார். கணக்கு வேறு கதை சொல்லிற்று. போர் முனையிலிருந்த சிறு மருத்துவமனைகளைவிட ஸ்குட்டாரியிலேயே சாவு விகிதம் மிகுதியாயிருந்தது. தாம் இரவு பகலாகப் பாடுபட்ட அந்தக் கட்டடமே, தூய்மைக் கேட்டால், அத்தனை உயிர்களையும் விழுங்கியிருந்தது!

அன்புள்ள மாணவியரே, நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். உலகமே நம்மைப் புகழும்போது, நம் கையிலுள்ள தாள் நம் பணியின் குறையைக் காட்டினால் நாம் என்ன செய்வோம்? தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவோமா? அம்மையார் அப்படிச் செய்யவில்லை. ஸ்குட்டாரியின் கணக்கையே எல்லாருக்கும் முன்பாக எடுத்து வைத்தார். விளக்கேந்தி நடந்ததைவிட இதற்கே அதிகத் துணிவு தேவைப்பட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது அப்போது நிலைநாட்டப்படவில்லை. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அம்மையாரும் பலரைப்போல் எண்ணினார். காரணத்தைப் பற்றிய கருத்து தவறாயினும், தூய்மை செய்த இடத்தில் சாவு குறைந்தது என்ற எண்ணிக்கை சரியான வழியைக் காட்டியது.

கண்ணுக்குத் தெரிந்த உண்மை

உண்மையைக் கண்டறிந்தால் மட்டும் போதுமா? அதை ஆள்வோரின் மனத்தில் பதிய வைக்க வேண்டுமே! 1856 செப்டம்பரில் ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் அரண்மனையில் விக்டோரியா அரசியாரையும் அவர் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டையும் சந்தித்துத் தம் கருத்தை விளக்கினார். படையின் சுகாதாரத்தை ஆராய ராயல் கமிஷன் ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்று கோரினார். போர் அமைச்சர் பான்மூர் பிரபு இசைந்தார். ஆனால் மாதங்கள் நகர்ந்தன, ஆணை வரவில்லை. மேலும் தாமதமானால் தம் அறிக்கையைத் தாமே நாட்டு மக்கள்முன் வைக்கப்போவதாக அம்மையார் எச்சரித்தார். 1857 மே மாதத்தில் ஆணை பிறந்தது. சிட்னி ஹெர்பெர்ட் அதன் தலைவரானார்.

பெண் என்பதால் அம்மையார் அக்குழுவில் உறுப்பினராக முடியவில்லை. அதற்காக அவர் மூலையில் அமர்ந்து வருந்தவில்லை. எந்தச் சாட்சியிடம் எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்பதைக்கூட எழுதிக் கொடுத்தார். தாமும் எழுத்து மூலம் சாட்சியம் அளித்தார். சமாதான காலத்தில், சொந்த நாட்டுப் படைவீடுகளிலேயே, இளம் வீரர்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 17 முதல் 20 பேர் வரை இறந்தனர். பொதுமக்களில் 11 பேரே இறந்தனர். உடல் வலிமை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாலிபர்கள் மற்றவரைவிட அதிகமாக மடிவானேன்? நெருக்கடியான, காற்றில்லாத படைவீடுகளே காரணம். ஆண்டுதோறும் 1,100 வீரர்களை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று சுட்டுக் கொல்வதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை என்று அவர் இடித்துரைத்தார்.

எண்கள் நிறைந்த அட்டவணைகளை அமைச்சர்கள் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே 1858-இல் ஒரு புது வழியைக் கையாண்டார். ஒரு மையத்தைச் சுற்றி 12 மாதங்களுக்கு 12 துண்டுகள், வட்டமாக வெட்டிய பலகாரத்தைப்போல் வரையப்பட்டன. சாவு மிகுந்த மாதத்தின் துண்டு பெரிதாக வெளியே நீண்டது. குறைந்த மாதத்தின் துண்டு சிறுத்தது. போரில் பட்ட காயத்தால் இறந்தவர்க்குச் சிவப்பு. பிற காரணங்களுக்குக் கறுப்பு. தடுத்திருக்கக் கூடிய நோய்களால் இறந்தவர்க்கு நீலம். படத்தைப் பார்த்தவர் திகைத்துப் போயினர். தாள் முழுவதும் நீலமே விரிந்து கிடந்தது! அப்போரில் உயிர்நீத்த பிரிட்டிஷ் வீரர் ஏறத்தாழ 21,000 பேரில் 16,000-க்கு மேற்பட்டோரைக் கொன்றது நோயே என்பதைப் படிப்பறியாதவரும் ஒரு நொடியில் உணர முடிந்தது. அம்மையார் அப்படங்களை அச்சிட்டு அரசியாருக்கும், அமைச்சர்களுக்கும், மருத்துவர்களுக்கும் அனுப்பினார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அச்சங்கத்தில் இடம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

பலன் கிட்டியது. படைவீடுகளில் காற்றோட்டமும் வடிகாலும் நல்ல நீரும் வந்தன. படை மருத்துவர்களுக்கென 1860-இல் கல்லூரி திறக்கப்பட்டது. படையின் நோய்க் கணக்கை எழுதத் தனித்துறை ஏற்பட்டது. சில ஆண்டுகளிலேயே படைவீட்டுச் சாவு பாதியளவாகக் குறைந்தது. அதே 1860-இல் இலண்டன் தூய தோமையார் மருத்துவமனையில் அம்மையாரின் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கிற்று.

காணாத நாட்டுக்காகக் கவலை

கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் விளைவாக அம்மையாரின் உடல் நலிந்தது. பல ஆண்டுகள் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலுமே கழிந்தன. அந்த அறையிலிருந்தே அவர் பார்வை நம் நாட்டின் பக்கம் திரும்பியது. 1859-இல் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை ஆராய மற்றொரு ராயல் கமிஷன் ஏற்பட்டது. இலண்டன் அலுவலகங்களில் தேவையான விவரங்கள் கிடைக்கவில்லை. ஆகவே அம்மையார் கேள்வித்தாள் ஒன்று தயாரித்தார். அது இந்தியாவிலுள்ள படை நிலையங்கள் அனைத்துக்கும் அனுப்பப்பட்டது. குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, எத்தனை பேர் ஓர் அறையில் உறங்குகின்றனர் என்று விவரமாகக் கேட்டார். பதில்கள் மலைபோல் குவிந்தன.

1863-இல் வெளிவந்த அவ்வறிக்கை இரண்டு பெருந்தொகுதிகளில் 2,000 பக்கங்களைத் தாண்டியது. அதை யார் படிப்பார்? அம்மையார் தாம் எழுதிய சுருக்கத்தைப் படங்களோடு தனி நூலாக வெளியிட்டு உரியவர்களின் கையில் சேரச் செய்தார். 1864-இல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேராயிருந்த படையினரின் சாவு 18 ஆகக் குறைந்ததென 1873-இல் அவர் எடுத்துக் காட்டினார்.

தொடக்கத்தில் வெள்ளைச் சிப்பாயின் நலனே அக்கமிஷனின் நோக்கமாயிருந்தது. சுற்றியுள்ள ஊர் நோயுற்றிருக்கப் படைவீடு மட்டும் நலமாயிராது என்பதை அம்மையார் கண்டார். அவர் அக்கறை மெல்ல மெல்ல நம் நாட்டு உழவரிடமும் ஏழைகளிடமும் சென்றது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது மக்கள் படும் துயரைப் பத்திரிகையில் எழுதி இங்கிலாந்தின் மனச்சாட்சியைத் தட்டினார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய சர் ஆர்தர் காட்டனோடு சேர்ந்து, பஞ்சத்தைத் தடுக்க நீர்ப்பாசனமே வழி என்று வாதாடினார். தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவர் இந்திய மண்ணை மிதித்ததில்லை.

ஏற்கப்படாத கோரிக்கைகள்

அவர் கேட்டவை எல்லாம் கிடைத்துவிட்டன என்று எண்ண வேண்டாம். தோல்விகளும் பல. 1861-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நோயாளிகளின் எண்ணிக்கையையும் வீடுகளின் நிலையையும் சேர்க்கக் கோரினார், பாராளுமன்றம் மறுத்தது. மருத்துவமனைகள் யாவும் ஒரே முறையில் கணக்கு எழுத வேண்டுமென்று படிவம் வகுத்தார். 1860-இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாடு அதை வரவேற்றது. மருத்துவமனைகளோ, வேலை அதிகம் என்று நாளடைவில் கைவிட்டன. 1861-இல் சிட்னி ஹெர்பெர்ட் காலமானபோது போர் அலுவலகச் சீர்திருத்தம் பாதியில் நின்றது. எண்கள் எவ்வளவு தெளிவாயிருப்பினும், அவற்றைச் செவிமடுக்க அதிகாரத்தில் ஒரு மனிதர் வேண்டும் என்பதை அவர் துயரத்தோடு கற்றார்.

1891-இல், 70 வயதைக் கடந்த நிலையில், அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புள்ளிவிவரங்களைச் சமுதாய நலனுக்குப் பயன்படுத்தக் கற்பிக்கும் பேராசிரியர் பதவி ஒன்று ஆக்ஸ்போர்டில் ஏற்பட வேண்டும் என்பது அவர் ஆசை. அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்களே; ஆயினும் அரசு அலுவலகங்களில் குவியும் கணக்குகளைப் பயன்படுத்த அவர்களுக்குத் தெரியவில்லை என்று வருந்தினார். 1870-இல் கல்விச் சட்டம் வந்து 20 ஆண்டுகள் ஆயின. பள்ளியை விட்ட பிள்ளைகளுள் எத்தனை பேர் கற்றதை மறந்துவிட்டனர்? சிறைத் தண்டனையால் குற்றம் குறைந்ததா? ஏழை இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பின்னர் என்ன ஆகின்றனர்? சட்டம் போட்டதோடு கடமை முடிந்தது என்றிருந்தோரிடம் அவர் இக்கேள்விகளை எழுப்பினார். அந்தப் பேராசிரியர் பதவி ஏற்படவில்லை. அக்கேள்விகள் இன்றும் பழையனவாகிவிடவில்லை.

1907-இல் பிரிட்டிஷ் அரசர் அவருக்கு ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயர் விருதை வழங்கினார். அதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அப்போது அவர் பார்வை மங்கி, நினைவும் தளர்ந்திருந்தது. 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், 90-ஆம் வயதில், இலண்டனில் அமைதியாக உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இடம் தர முன்வந்தும் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூர்க் கோயிலருகே, தம் பெற்றோரின் அருகில் அவர் துயில்கிறார்.

நாம் கற்க வேண்டியது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பாட்டிமார். செலவு செய்கிறவர் எவராயினும் அளவு தெரிந்து செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். ஊருக்கும் நாட்டுக்கும் நன்மை செய்யப் புறப்படுவோருக்கு அது இன்னும் பொருந்தும். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட காரியம் நல்ல பலனைத் தந்ததா என்று பார்க்காமலே விட்டால், ஸ்குட்டாரியின் சாக்கடை நம் காலடியிலும் மறைந்திருக்கக் கூடும்.

நம்முள் பலர் கணக்குப் பாடத்தைச் சுமையாகக் கருதுகிறோம். இரக்கத்திற்கும் எண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்கிறோம். நற்செய்தியில் வரும் நல்ல ஆயனை நினைத்துப் பார்ப்போம். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற் போனதை அவர் அறிந்தது எவ்வாறு? எண்ணிப் பார்த்ததால்தானே! எண்ணாத ஆயனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறும் ஒன்றே. தவறிய ஆட்டைத் தேடிப் போகவும் அவனுக்குத் தோன்றாது.

நாளை நம்முள் சிலர் மருத்துவராகலாம், ஆசிரியையாகலாம், மாவட்ட ஆட்சியராகலாம், சட்டமன்றத்திலும் அமரலாம். அப்போது நம் மேசைக்கு வரும் தாள்களில் எண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு முகம் உண்டு என்பதை மறவாதிருப்போம். அந்த எண் நம் குறையைச் சொன்னாலும் அதை மறைக்காதிருக்கும் மனத்திடத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.